சப்ரகமுவத் தோட்டங்களுக்கு எந்தக் கமராவோடு வருவது?

மலையகத் தமிழர் என்றதும் அச்சில் வரும் படம் ஏறத்தாழ எப்போதும் ஒன்றுதான். ஹட்டன் அல்லது நுவரெலியாப் பக்கத்துப் பச்சைச் சரிவு, நல்ல வெயில், தூரத்தில் கூடை சுமந்த பெண்கள். எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல, இறக்குவானை, காவத்தை என்று சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் தோட்டங்கள் அந்தப் படத்துக்குள் வருவதில்லை. பலாங்கொடைக்கு மேலே உயரமான தோட்டங்கள் உண்டு என்றாலும் இங்கே பெரும்பகுதி தாழ்நிலம். 600 மீற்றருக்குக் கீழே விளையும் தேயிலை, அதனோடு இறப்பர். வெளிச்சம் குறைவு, ஈரம் அதிகம், பார்வை தூரம் போகாது. பத்தடிக்கு ஒரு மரம் மறைக்கும். நெடும்பயணத்துக்கு என்ன கமரா எடுத்துவைப்பது என்று சொல்லும் வழக்கமான பட்டியல்கள் வெயிலும் பரந்த வெளியும் உள்ள ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை நம்பி வருபவர் இங்கே தவறான பையோடு வந்து நிற்பார்.

வருபவர்கள் யார் என்பதும் முக்கியம். 1964 ஒக்டோபர் 30இல் இலங்கையும் இந்தியாவும் கையொப்பமிட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3 இலட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பதென்றும் கணக்குப் போட்டது. மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. போனவர்களில் பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்றார்கள். கன்னியாகுமரியின் அரசு இறப்பர் தோட்டங்களிலும் குடியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது தாத்தா பிறந்த லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டை, தேடி வருகிறார்கள். ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருபவர்களும் உண்டு. வாரக்கணக்கில் தங்கி, தோட்டம் தோட்டமாக நடந்து, உறவு முறை விசாரித்து, படம் எடுத்துப் போகிறவர்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருட்டில் பார்க்கக்கூடிய, மழையைத் தாங்கக்கூடிய, ஆட்களின் பக்கத்தில் நின்று எடுக்கக்கூடிய ஒரு சிறிய கமரா போதும். மிச்சக் கனத்தை, எடுத்த படத்தை எடுக்கப்பட்டவருக்கே திருப்பிக் கொடுப்பதற்கான ஏற்பாடுகளுக்கு ஒதுக்குங்கள்.

கமராவை மூட்டை கட்டி இந்தத் தீவுக்கு வந்தவர்களில் பெயர்பெற்றவர் ஜூலியா மார்கரெட் கமரோன். 1833இல் இலங்கையின் நிருவாகத்தை மாற்றியமைத்த கோல்புறூக்–கமரோன் சீர்திருத்தத்தின் சார்ள்ஸ் ஹே கமரோனுடைய மனைவி. விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் மிகச் சிறந்த முகப்படக் கலைஞர்களில் ஒருவரான அவர் 1875இல் கணவரோடு கப்பலேறியபோது படக்கருவிகளோடு ஒரு பசுவையும், இலங்கையில் கிடைக்காமல் போகலாம் என்று இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டுவந்தார் என்பது பலரும் அறிந்த கதை. அவர் கையாண்டது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவவும் வேண்டும். இங்கிலாந்தின் குளிரில் கைகொடுத்த முறை இந்த வெப்பத்தில் தடுமாறியது. சுத்தமான தண்ணீரும் இரசாயனமும் எளிதில் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கில் படங்கள் செய்த அவர், 1879இல் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் இறக்கும்வரை இங்கே எடுத்தவற்றில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அந்தச் சிலவற்றுள் தோட்டத் தொழிலாளர்களின் முகங்கள் உள்ளன. திறமையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கருவிதான் இந்தக் காற்றுக்கு ஒத்துவரவில்லை. இன்று இலக்கக் கமராவோடு வருபவருக்கும் அதே காற்றுதான்.

கமரோன் வந்த மறு ஆண்டு, 1876இல், இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து இறப்பர் நாற்றுகள் கம்பஹாவின் ஹேனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்தன. சப்ரகமுவவின் வெளிச்சத்தைத் தீர்மானித்தது அந்த மரம். ஆகவே இறப்பர் மலையில் பால் வெட்டும் வேளையைக் கணக்கில் எடுக்காமல் கமராவைத் தேர்ந்தெடுக்க முடியாது. வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறையும் என்பதால் வேலை விடிகாலையில் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் மரத்தடியில் உள்ள வெளிச்சம், நகரத்தில் இரவு விளக்கேற்றிய ஓர் அறையின் வெளிச்சத்தளவுதான். கமராவோடு சேர்த்து விற்கப்படும் சாதாரண ஜூம் வில்லைகளின் துளை எஃப்/4இலிருந்து எஃப்/5.6 வரை. அதை வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓ 3200இல் எடுத்தால் நொடியின் அறுபதில் ஒரு பங்கோ முப்பதில் ஒரு பங்கோதான் வேகம் கிடைக்கும். பட்டையை வகிரும் கத்தியின் அசைவு அதில் கலங்கிப்போகும். எஃப்/2 வில்லையானால் நொடியின் 250இல் ஒரு பங்கு வேகம் கைக்குள் வரும். கத்தியும் தெரியும், அதைப் பிடித்த விரலும் தெரியும், சிரட்டையில் விழும் முதல் துளியும் தெரியும். பெரிய துளையுள்ள ஒரு வில்லையை நான் ஆடம்பரமாக நினைக்காததற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் இறப்பர் இலை உதிர்க்கும். அந்தச் சில வாரங்களில் கூரை திறந்ததுபோல வெளிச்சம் தரைவரை இறங்கும், பிறகு செந்துளிர் வரும். மழை குறைந்த காலமும் ஏறத்தாழ அதுவே. மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டு நடக்காது. ஆகவே மழை பெய்யும் மே, ஜூனில் வருபவர் பல காலைகளில் ஒருவரையும் மரத்தடியில் பார்க்கமாட்டார். பயணத் திகதியைத் தேர்ந்தெடுப்பதும் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பகுதி.

லயத்துக்குள் நுழைந்தால் வெளிச்சத்தோடு இடமும் சுருங்குகிறது. பழைய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சுவரோடு சுவராக நின்றாலும் எதிர்ச் சுவர் மூன்று மீற்றரில் வந்துவிடும். முழுச்சட்டகக் கணக்கில் 50 மி.மீ. வில்லைக்கு அந்தத் தூரத்தில் இரண்டு மீற்றர் அகலந்தான் அகப்படும். அம்மாவும் அடுப்பும் ஒரே படத்தில் வரமாட்டார்கள். 35 மி.மீ. மூன்று மீற்றரைக் காட்டும், 28 மி.மீ. நான்கு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக. 20க்குக் கீழே போனால் அறை மண்டபம்போலத் தோன்றும், ஓரத்தில் இருப்பவரின் முகம் இழுபடும். அந்த அறையின் நெருக்கடிதான் செய்தி. அதைப் பொய்யாக்கும் வில்லையை நான் கொண்டுவரமாட்டேன். 28க்கும் 35க்கும் இடையில் ஒன்று, அதுவும் எஃப்/2 அல்லது அதற்கு நெருக்கமானது என்பதே என் தெரிவு. இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகத்தை எடுக்க 40 அல்லது 50 மி.மீ. ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். நிக்கோனின் 40 மி.மீ. எஃப்/2 வில்லை 170 கிராம்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறலாம்.

தொலைவில்லையைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 70–200 எஃப்/2.8 வில்லை ஒன்றின் எடை ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவரை. சிங்கராஜ வனத்துக்கோ உடவளவைத் தேசிய பூங்காவுக்கோ போகும் எண்ணம் இருந்தால் அதற்கு வேலை உண்டு. தோட்டத்தில் அது என்ன செய்கிறதென்றால், கொழுந்து பறிக்கும் பெண்களை ரோட்டில் நின்றபடியே, அவர்களுக்குத் தெரியாமல் எடுக்க வைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்கீன், ஸ்கோவன் ஸ்டூடியோக்கள் விற்ற படங்களிலிருந்து பிளாட்டே கம்பனியின் தபாலட்டைகள்வரை தொழிலாளிக்குப் பெயர் கிடையாது; வெறும் ‘தமிழ்ப் பெண்’, வெறும் ‘கூலி’. தொலைவில்லை அதே பழக்கத்தைத் தொடர்கிறது. தாத்தாவின் லயத்தைத் தேடி வருபவர் அப்படி எடுக்கக்கூடாது. பக்கத்தில் போய், “அக்கா, எந்த மலையில வேலை? படம் எடுக்கலாமா?” என்று கேட்டு, பெயரையும் எழுதிக்கொண்டு எடுக்க 35 மி.மீ. தாராளம்.

கமரா உடலைப் பொறுத்தவரை சந்தையில் நல்லவை நிறைய. இந்த இடத்துக்குப் பொருந்துமா என்று பார்க்க நான் கேட்பது இரண்டே கேள்வி: மழை தாங்குமா, வில்லை மாற்றாமல் ஒரு நாள் முழுக்க வேலை செய்ய முடியுமா? ரிக்கோ ஜிஆர் 3 வெறும் 257 கிராம், சட்டைப் பைக்குள் போகும், யாரையும் மிரட்டாது. ஆனால் நீர்ப் பாதுகாப்பு இல்லை, துளையும் எஃப்/2.8. 2024இல் வந்த பூஜிபிலிம் எக்ஸ்100-6 521 கிராம், 35 மி.மீ.க்குச் சமமான எஃப்/2 வில்லை நிலையாகப் பொருத்தப்பட்டது. முன்னால் ஒரு வளையமும் வடிகட்டியும் மாட்டினால் தூறலைத் தாங்கும். ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-5 414 கிராம், ஐபி 53 தரத்தில் தூசும் தெறிநீரும் தாங்கும்; உணரி சிறியதாகையால் இருட்டில் சற்றுப் பின்தங்கும், எஃப்/1.8 வில்லை அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்யும். முழுச்சட்டகம்தான் வேண்டும் என்பவருக்கு 461 கிராம் எடையுள்ள கனன் ஆர்8 போன்றவை இருக்கின்றன. ஏற்கெனவே கையில் ஒன்று இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அந்தக் காசில் பெரிய துளையுள்ள ஒரு வில்லை வாங்குங்கள், அல்லது இன்னும் பத்து நாள் கூடுதலாகத் தங்குங்கள்.

இனி ஈரம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையைப்போல இரண்டரை மடங்கு. மழை பெய்யாத நாளிலும் காற்று நனைந்தே இருக்கும். வில்லைக்குள் பூஞ்சணம் பிடிப்பது இங்கே சாதாரணம். சிலந்தி நூல்போல ஓரத்தில் தொடங்கிக் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். தோற்பை, தோல் உறை, இறுக மூடிய கறுப்புப் பை எல்லாம் அதை வளர்க்கும் இடங்கள். ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டிய இடத்தில் வில்லையை நாள்கணக்கில் மூடி வைக்கக்கூடாது. 40க்கும் 50க்கும் இடையில் வைத்திருக்க முடிந்தால் நல்லது. இறப்பர் வளையம் பொருத்திய மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அரைக் கிலோ சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி. மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு வில்லையைச் சுத்தம் செய்யும் கூலியைவிடக் குறைவு. ஈரம் குடித்து நிறம் மாறிய மணிகளை வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மீண்டும் உலரும்; அந்த வாணலியில் பிறகு சமைக்க வேண்டாம். எந்தப் பெட்டியையும்விட நல்ல வைத்தியம், கமராவைத் தினமும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் பயன்படுத்துவது.

கொழும்பிலிருந்து குளிரூட்டிய வாகனத்தில் வந்து அவிசாவளையைத் தாண்டி இறங்கியவுடன் கமராவை வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க வியர்க்கும். இறங்குவதற்கு முன்பே இறுக்கமான பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அரைமணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு எடுக்க வேண்டும். இறப்பர்ப் பாலை உறையவைக்கும் அமிலம், சீற் காயும் புகையறை ஆகியவற்றின் பக்கத்தில் வில்லை மாற்றவே கூடாது. இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளும் அப்படித்தான். தோட்டத்து இளைஞர்கள் பலர் வேலைக்குப் போகும் இடம் என்பதால் அவற்றைப் படமெடுக்கும் ஆசை வரும். குழியின் விளிம்பு வழுக்கும்; கழுத்தில் தொங்கும் கனமான கமராவோடு எட்டிப் பார்ப்பது ஆபத்து. அங்கே தொலைபேசி போதும்.

மழைக்காலத்தில் வருவது கருவியோடு மட்டும் நிற்கும் பிரச்சினையில்லை. 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுப்பான தோட்டத்து லயத்தின்மேலும் மண் சரிந்து பல உயிர்கள் போயின. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பாதிக்கப்பட்டது. எச்சரிக்கை வெளியான சரிவில் ‘மழைப் படம்’ எடுக்கப் போய், உங்களைக் காப்பாற்ற லயத்து ஆட்களை இறங்கவைக்காதீர்கள்.

விமானக் கணக்கு சுருக்கமானது. பல நிறுவனங்கள் சாதாரண வகுப்பில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதிக்கின்றன. உதிரி லித்தியம் பற்றரிகளைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது, கையோடுதான் வரவேண்டும். 100 வாட்-மணிக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டாம். கமராப் பற்றரி ஒன்று பெரும்பாலும் 20 வாட்-மணிக்குள். 20,000 மில்லி அம்பியர்-மணி மின்வங்கி 74. மின்சாரம் 230 வோல்ட். பழைய கட்டடங்களில் இந்தியாவில் உள்ளதுபோன்ற வட்ட முள் செருகி, புதியவற்றில் பிரிட்டனின் சதுர முள். இரண்டுக்கும் பொருந்தும் மாற்றி ஒன்று எடுத்துவாருங்கள். அடைமழையில் மின்சாரம் போவதுண்டு. ஆகவே மூன்று பற்றரிகள் நியாயமான எண்ணிக்கை.

படச்சுருளில் எடுக்க விரும்புபவர்கள் சுருள்களைக் கைப்பையில் வைத்து, கையால் பரிசோதிக்கும்படி கேட்க வேண்டும்; சில விமான நிலையங்களில் வந்துள்ள புதிய சிடி ஸ்கானர்கள் சுருளைக் கெடுத்துவிடும்.

முக்காலி வேண்டுமா? மாசியில் இரவில் காமன் கூத்து நடக்கும் தோட்டத்துக்குப் போகிறீர்கள், பலாபத்தலை வழியாகச் சிவனொளிபாதமலை ஏறி விடியலை எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு சிறிய முக்காலி உதவும். 2,243 மீற்றர் உயர மலைக்கு இந்த இரத்தினபுரிப் பக்கத்துப் பாதை நீளமானது. பாதி வழியில் ஒவ்வொரு நூறு கிராமும் தோளில் தெரியும். கூத்தைப் பொறுத்தவரை முக்காலியைவிட எஃப்/1.8 வில்லை மேல். தப்பு அடிப்பவரின் கை ஓரிடத்தில் நிற்பதில்லை.

ஆளில்லாப் பறக்கும் கமராவை விட்டுவிட்டே வாருங்கள் என்பேன். கொண்டுவருவதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும், பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். அதெல்லாம் கிடைத்தாலும் லயத்து முற்றத்தில் குளிக்கிற, துணி காயப்போடுகிற பெண்களின் தலைக்கு மேலே அது பறப்பதை நான் ஏற்கமாட்டேன். தரையில் எடுக்கவும் கேட்கத்தான் வேண்டும். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனதிலிருந்து ஸ்டோருக்குள்ளும் (தொழிற்சாலை) மலையிலும் எடுக்க முகாமையாளரின், அதாவது துரையின், சம்மதம் தேவை. லயத்துக்குள் எடுக்க அந்த வீட்டாரின் சம்மதம். துரை ‘ஆம்’ என்றது வீட்டுக்காரருக்கான பதிலாகாது.

தொலைபேசியை இரண்டாம் கமராவாக எண்ணுவதில் தவறில்லை. பகலில் அதன் தரம் போதும். அதன் பெரிய பயன் வேறு: எடுத்த இடம், நேரம், பெயர் எல்லாவற்றையும் உடனே குறித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவியைத் தனியாகக் கொண்டுவருவது நல்லது. எழுபது, எண்பது வயதுப் பாட்டிமார் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தைப் பற்றியும் கங்காணியைப் பற்றியும் கப்பலேறிப் போன தங்கையைப் பற்றியும் பேசும்போது, நூறு கிராம் எடையுள்ள அந்தக் கருவி நடுவில் அழைப்பு வந்து நின்றுபோகாது. நான் ஒரு வில்லையைக் குறைத்தாவது இதைச் சேர்ப்பேன். எடுத்தவற்றை ஒவ்வோர் இரவும் இரண்டு இடங்களில் பதிந்து, ஒன்றைப் பையிலும் மற்றதை உடம்போடும் வைத்திருங்கள்.

இந்தத் தோட்டங்களில் படம் எடுத்துப் போனவர்கள் ஏராளம். திருப்பி அனுப்பியவர்கள் சிலர். கல்யாணப் படமும், அடையாள அட்டைக்கு எடுத்த படமும் தவிர அச்சில் ஒரு படமும் இல்லாத வீடுகள் இன்னும் உண்டு. அதனால் கையடக்க அச்சுக் கருவி ஒன்றைக் கமராவுக்கு இணையான தேவையாகவே பார்க்கிறேன். இன்ஸ்டாக்ஸ் மினி வகை சிறியது, பற்றரியில் ஓடும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் படம் கையளவுகூட இல்லை, ஒரு குடும்பமே அதற்குள் நின்றால் முகம் தெரியாது. கனன் செல்ஃபி வகையில் அஞ்சலட்டை அளவில் அச்சாகும். எடை ஒரு கிலோவுக்கு உள்ளேதான். தொலைவில்லையை விட்டுவிட்டு வந்தால் அந்த இடத்தில் இதுவும் நூறு தாளும் அடங்கிவிடும். அதுவும் முடியாதென்றால் வாரத்தில் ஒரு நாள் நகரத்து ஸ்டூடியோவில் அச்சிட்டு, மறுபடி நடந்து போய்க் கையில் கொடுக்க ஒரு நாளை ஒதுக்குங்கள். இரண்டாம் முறை போகும்போதுதான் பெட்டியைத் திறந்து பழைய படங்களைக் காட்டுவார்கள்.

அந்தப் பழைய படங்களுக்காகவும் ஒரு பொருள் எடுத்து வர வேண்டும். இந்தியாவுக்குப் போன சொந்தக்காரர் அனுப்பிய படம், கடவுச்சீட்டுக்காக வரிசையாக நிற்கவைத்து எடுத்த குடும்பப் படம், பிறப்புப் பதிவு, பிரஜாவுரிமைச் சான்றிதழ் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் ஈரத்தோடு ஈரமாகக் கிடக்கும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு காகிதத்தை வைத்தே தங்களை நிரூபிக்க வேண்டியிருந்த மக்கள் இவர்கள். அந்தக் காகிதங்களின் பிரதி பல குடும்பங்களில் வேறெங்கும் இல்லை. இதற்கு நெருக்கமாகக் குவியும் வில்லை ஒன்று வேண்டும். 35 மி.மீ. வில்லைகள் பலவற்றில் கால் மீற்றர் கிட்டப் போகலாம், மக்ரோ வசதி இருந்தால் இன்னும் நல்லது. அதோடு ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரிய, ஓரம் மழுக்கிய தெளிந்த கண்ணாடித் தகடு, ஒரு கறுப்புத் துணி, ஓர் அளவுகோல். நேர்வெயில் படாத இஸ்தோப்பில் துணியை விரித்து, படத்தை வைத்து, சுருண்டிருந்தால் மட்டும் கண்ணாடியை மெல்ல மேலே வைத்து, கமராவை நேர் மேலே பிடித்து எடுக்க வேண்டும். பசையால் ஆல்பத்தில் ஒட்டியதைப் பிய்க்கக்கூடாது. பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். கோப்பின் பெயரில் தோட்டம், டிவிஷன், குடும்பத் தலைவி சொன்ன ஆண்டு. அச்சிட்ட பிரதி ஒன்றும் நினைவட்டை ஒன்றும் அவர்களிடம் கொடுத்துவிட்டு, மூலப்படத்தை எடுத்த அதே பெட்டியில், கொண்டுவந்த சிலிக்கா ஜெல்லில் ஒரு பொட்டலத்தோடு வைத்துவிட்டு வாருங்கள்.